திருத்தியது கருவி; எழுதியது யார்?
வெளிநாட்டில் படிப்போர்க்கான கேள்வி – பதில்

கேள்வி: கட்டுரையை நானே எழுதினேன். ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த மட்டும் சாட்ஜிபிடியிடம் கொடுத்தேன். கண்டறியும் மென்பொருள் அதை இயந்திரம் எழுதியதாகக் காட்டியதால், விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். நான் செய்தது தவறா?
– முதுநிலை மாணவி

பதில்: இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கலந்துவிட்டால் விசாரணையில் நீங்களே தடுமாறுவீர்கள். கருவியைப் பயன்படுத்தியது விதிமீறலா என்பது ஒன்று; மென்பொருளின் முடிவை நம்பலாமா என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை உங்கள் பாடத்தின் விதிமுறையில் இருக்கிறது. ஒரே துறையில் ஒரு பேராசிரியர் மொழித் திருத்தத்தை அனுமதிப்பார், இன்னொருவர் அதையும் தடுத்திருப்பார். எழுத்துப்பிழை நீக்குவதும் வாக்கியங்களை மாற்றி எழுதுவதும் ஒன்றல்ல. "செம்மைப்படுத்து" என்று பொதுவாகக் கேட்டால் கருவி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்துவைக்கும். ஆகவே, உங்கள் மூல வரைவையும் கருவி திரும்பத் தந்ததையும் அருகருகே வைத்து, எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை விசாரணைக்கு முன் நீங்களே பாருங்கள்.

இரண்டாவதில் உங்கள் பக்கம் வலுவானது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டும் அடையாளம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது தவறாகப் பழி போட்டது. துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் அதைக் கைவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காடு இயந்திரத்தின் எழுத்தாகக் குறிக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலோ இந்தத் தவறு மிகக் குறைவு. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்கலாம் என்பதையே இம்மென்பொருள்கள் முக்கியமாக அளந்தன. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவரோ பழகிய சொற்களையும் தொடர்களையுமே நாடுவார் என்பதால், அந்த எச்சரிக்கையான எழுத்தே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

கோப்பின் திருத்த வரலாறு, கைக்குறிப்புகள், கருவியோடு நடந்த உரையாடல் ஆகியவற்றை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "கருவியைத் தொடவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிறிய விதிமீறலைப் பெரிதாக்குவது அந்தப் பொய்தான். உள்ளூர் மாணவருக்கு இடைநீக்கம் என்றால் ஒரு பருவம் வீணாகும். விசா மாணவச் சேர்க்கையோடு பிணைந்திருக்கும் உங்களுக்கு, அங்கே தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். எனவே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் மாணவர் சங்க ஆலோசகரையும் விசாரணைக்கு முன்பே சந்தித்துவிடுங்கள்.

கேள்வி: தமிழில் எழுதி, அதைக் கருவியைக் கொண்டு ஆங்கிலமாக்கிச் சமர்ப்பிக்கிறேன். கருத்து என்னுடையதுதானே?
– பொருளியல் மாணவர்

பதில்: கருத்து உங்களுடையதுதான். மதிப்பெண் கருத்துக்கு மட்டும்தானா என்பதே கேள்வி. பயிற்றுமொழியில் வாதத்தை நடத்திச் செல்லும் திறனையும் அளக்கும் பாடமென்றால், முழு மொழிபெயர்ப்பு அனுமதி பெறாத உதவியாகக் கருதப்படலாம். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பொருளியலில் 'தேவை' என்பது வாங்கும் திறனோடு கூடிய விருப்பம். அன்றாடத் தமிழில் அதே சொல் இன்றியமையாத ஒன்றைக் குறிக்கும். நீங்கள் எதைக் கருதினீர்கள் என்று கருவி பெரும்பாலும் கேட்பதில்லை. ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு சரளமாக எழுதிப் போய்விடும். அந்தச் சரளத்தில் மயங்கி நீங்கள் கவனிக்கத் தவறிய பிழை, வாய்மொழித் தேர்வில் பேராசிரியரின் முதல் கேள்வியாக வந்து நிற்கும். அதனால் ஆங்கிலத்தில் கரடுமுரடாகவேனும் நீங்களே எழுதி, எந்த வாக்கியம் ஏன் பிழை என்று மட்டும் கருவியிடம் கேட்டு, அதை மூடிவைத்துவிட்டு உங்கள் கையால் திருத்துங்கள். நேரம் கூடுதலாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: கருவி தந்த மேற்கோள் பட்டியலில் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் எந்த நூலகத்திலும் இல்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் முறையாக இருந்தனவே?
– ஆய்வு மாணவர்

பதில்: முறையாக இருந்ததுதான் பொறி. மேற்கோளின் வடிவத்தைக் கருவி நன்கு கற்றிருக்கிறது; அப்படியொரு கட்டுரை உண்டா என்று அது தேடிப் பார்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர், "இந்த வழக்கு உண்மையானதா?" என்று அதே கருவியிடமே கேட்டிருந்தார், "ஆம்" என்றே பதில் வந்தது. நீங்கள் திறந்து படிக்காத எதுவும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டாம்.

கேள்வி: ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்களைச் சுருக்கித் தரும்படி இலவசக் கருவியில் ஏற்றலாமா?
– சமூகவியல் மாணவி

பதில்: பேட்டி தந்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடமில்லையென்றால் கூடாது. பெயரை நீக்கினாலும், ஊரும் தொழிலும் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பல்கலைக்கழகமே ஒப்பந்தம் செய்து வழங்கும் கருவி இருக்கிறதா என்று ஆய்வுகளின் அறநெறியைக் கண்காணிக்கும் உங்கள் நெறிக்குழுவிடம் கேளுங்கள்; இல்லையென்றால் கையால் சுருக்குவதுதான் வழி.