கட்டணம் கட்டியும் கவனிப்பில்லை: முதியோர் இல்லங்கள் பற்றிய சட்டக் கேள்விகள்

முதியோர் இல்லங்கள் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். பலரும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒன்றையே நம்பி வருகிறார்கள். அது பெரும்பாலும் பிள்ளைகளையும் வாரிசுகளையும் கேள்வி கேட்கும் சட்டம். பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட இல்லத்தைப் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அம்மாவை, மாதக் கட்டணம் கட்டி ஓர் இல்லத்தில் சேர்த்தோம். நான்கே மாதத்தில் இடுப்புக்குக் கீழே ஆழமான படுக்கைப் புண். "வயதானால் வரத்தான் செய்யும்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? – திருச்சி வாசகி

போடலாம். அதற்கு முன் அம்மாவை மருத்துவமனைக்கு மாற்றுங்கள். சிகிச்சைக்காக மட்டும் சொல்லவில்லை. புண்ணின் அளவு, ஆழம், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் இல்லத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரின் கையெழுத்தில் பதிவாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "படுக்கைப் புண்" என்று ஒரே சொல்லோடு முடித்துவிட்டால், விவரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். நீங்களும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வயதானால் வரும் என்பது அரை உண்மை. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியர் பணியின் பாலபாடம். அதைச் செய்தார்களா என்பதற்கு இல்லத்தில் ஒரு பதிவேடு இருக்கும். அதன் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் மாதம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வில் டிக். அந்த அம்மாள் மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் இல்லத்துக் கட்டிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டப்பட்டிருந்தார்! இப்படி ஒரு பக்கம் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்தது.

செல்ல வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இல்லம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-ஆம் பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர்களே அதிகம் எடுத்தாளாத பிரிவு இது. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கைவிடுவது குற்றம் என்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சொற்பம்தான். ஆனால் அபராதத்தைவிடக் குற்றவழக்கு என்ற பெயருக்கே நிர்வாகிகள் அதிகம் பயப்படுகிறார்கள்.

மறதி நோய் உள்ள அப்பாவின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம். பணியாளர் அறைந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். – சேலம் வாசகர்

புகாரில் "அடித்தார்கள்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். சாதாரணக் காயம் ஏற்படுத்தியது என்றால், நீதிமன்ற உத்தரவில்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாது. கட்டிலோடு கட்டிப்போட்டது சட்டவிரோதச் சிறைவைப்பு, அதே நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு. அதில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். எலும்பு முறிந்திருந்தால் கொடுங்காயம், அதிலும் நேரடியாகப் பதியலாம். எனவே கயிற்றுத் தடத்தை முதல் வரியிலேயே எழுதி, அரசு மருத்துவமனைச் சான்றையும் இணைத்துப் புதிய மனு கொடுங்கள். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

"கீழே விழாமலிருக்கத்தான் கட்டினோம்" என்பார்கள். எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள்.

சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த அறை என்று குறிப்பிட்டு, அழிக்காமல் வைத்திருக்கும்படி இன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். நகல் கிடைத்தால் நீதிமன்றத்தில் அதோடு புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் வேண்டும்.

அண்ணன் வீட்டைத் தன் பெயருக்குத் தானமாக எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவை இல்லத்தில் விட்டுவிட்டார். நான் பார்க்கப் போனால் "சேர்த்தவர் அனுமதி வேண்டும்" என்கிறார்கள். – மதுரை வாசகி

2007 சட்டம் உதவுவது இங்கேதான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிறகு கவனிக்காவிட்டால், 23-ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களுக்குப் பயன்படும்படி தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே பத்திரத்தின் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் இறங்காதீர்கள். அம்மா பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-இல் கேளுங்கள்.

மனு அம்மாவின் பெயரில் இருக்க வேண்டும். அவரால் இயலாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்தவர் போடலாம்.

பார்க்க விடாத விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவர் அம்மாவுக்கு எஜமானர் ஆகிவிட மாட்டார். உங்களைப் பார்க்க அம்மா விரும்புகிறார் என்றால் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-க்கும் மாவட்ட சமூகநல அலுவலருக்கும் தெரிவியுங்கள். "வேறு கிளைக்கு மாற்றிவிட்டோம்" என்று ஆளைக் காட்டாமல் இழுத்தடித்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் தங்கியிருந்தவர்கள் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட விவகாரம் 2023 பிப்ரவரியில் வெளியே வந்தது, அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று போடப்பட்ட அப்படியொரு மனுவால்தான்.

"விபத்து, நோய், மரணம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே? – கோவை வாசகர்

போட்டால் போட்டுவிட்டுப் போகிறது, பயப்படாதீர்கள். அந்த வரி அலட்சியத்துக்குக் கொடுத்த உரிமம் ஆகாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை 2019 நுகர்வோர் சட்டமே நியாயமற்றவை என்கிறது.

அறக்கட்டளை நடத்தும் இலவச இல்லம். அங்கேயும் நுகர்வோர் வழக்குப் போடலாமா? – நாகர்கோவில் வாசகர்

இலவசச் சேவைக்குப் பொருந்தாது. அடி, பட்டினி, அடைத்துவைத்தல் என்றால் காவல்துறை. பராமரிப்புக் குறை என்றால் சமூகநல அலுவலர், ஆட்சியர். இல்லத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். "நன்கொடை" என்ற பெயரில் மாதாமாதம் கட்டாயமாக வாங்கினார்கள் என்றால் கதையே வேறு; ரசீதுகளோடு வாருங்கள்.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லத்தில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவசர அவசரமாகத் தகனம் முடித்துவிட்டார்கள். இனி ஏதும் செய்ய முடியுமா? – வாசகர்

பிரேதப் பரிசோதனை இல்லாதது பெரிய குறைதான், மறைப்பதற்கில்லை. அலட்சியத்தால் மரணம் என்ற குற்றவழக்கை நிரூபிப்பது கடினம். நுகர்வோர் ஆணையத்தில் அந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. வாரிசு என்ற முறையில் நீங்களே மனு போடலாம், இரண்டு ஆண்டில் இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. ஆன்லைனில் தாக்கல் செய்து, காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். ஊரில் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து வைத்தால் அலைச்சல் குறையும்.

மரணக் காரணச் சான்றை யார் கொடுத்தார் என்று முதலில் பாருங்கள். கடைசி நாட்களில் அப்பாவை நேரில் பரிசோதித்த மருத்துவரா, அல்லது தொலைபேசியில் கேட்டு எழுதிக் கொடுத்தவரா? கடைசி மாதத்தில் இல்லத்திலிருந்து உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். "அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று அனுப்பிய தேதியும், மருத்துவச் சீட்டில் நீரிழப்பு என்று எழுதிய தேதியும் ஒன்றாக இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதற்குப் பதில் சொல்வது லேசான காரியமாக இருக்காது.