வீட்டு ஆட்கள்தானே என்று ஒரே ஊசியா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஊசியை உறையிலிருந்து பிரித்ததை நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று தூக்கமில்லை. நான்கு முறை பரிசோதித்துவிட்டேன். சென்ற வாரம் எடுத்ததிலும் 'நெகட்டிவ்' என்றே வந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. எனக்கும் என் பெற்றோருக்கும் சர்க்கரை நோய் உண்டு. லேபுக்குப் போகப் பயந்து, மூவருக்கும் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் நானே பார்த்துவிடுகிறேன். மாடி வீட்டுப் பாட்டியும் வந்து பார்த்துக்கொள்வார். ஒரு லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) பத்து நாள் வரும், எல்லோரும் வீட்டு ஆட்கள்தானே. இந்தப் பயத்திலிருந்து நான் மீள்வது எப்படி?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் பயத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். 'ஒரு லான்செட் பத்து நாள் வரும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

லேபில் ஊசியைப் பிரித்ததைப் பார்க்கவில்லை என்று ஐந்து மாதமாகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அம்மாவின் விரலில் குத்திய அதே ஊசியை அப்பாவின் விரலில் வைத்து அழுத்தும்போது இரு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நீங்கள் எதற்கு நடுங்குகிறீர்களோ அதையே உங்கள் கையால் நான்கு பேருக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள். லான்செட்டைப் பொருத்திக் குத்தும் அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி வெளியே வரும் சிறு துளையின் ஓரத்தில் பழுப்பாக ஏதாவது காய்ந்திருந்தால், அது யாருடைய ரத்தம் என்று உங்களால் சொல்ல முடியுமா? லான்செட்டை மாற்றினாலும் பேனா அதுவேதான் என்றால் ஆபத்து அப்படியே இருப்பது இதனால்தான்.

'வீட்டு ஆட்கள்தானே' என்கிறீர்கள். கிருமிக்கு உறவுமுறை தெரியாது, தம்பி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். அந்தத் தொற்று உள்ள ஒருவருக்குக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாத இன்னொருவரைக் குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அதைப் பெறக்கூடும், எச்.ஐ.வி.யில் இந்த அளவு ஆயிரத்துக்கு மூன்று. பலர் எந்த அறிகுறியும் இல்லாமல் ஹெபடைடிஸ் பி கிருமியைப் பல ஆண்டுகள் சுமந்துகொண்டிருப்பார்கள். நம் நாட்டில் இதற்கான தடுப்பூசி எல்லா மாநிலக் குழந்தைகளுக்கும் அரசுத் திட்டத்தில் கிடைத்தது 2011இல்தான் என்பதால், உங்கள் பெற்றோரோ அந்தப் பாட்டியோ அதைப் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. குஜராத்தின் மோடாசாவில் 2009ஆம் ஆண்டு பயன்படுத்திய சிரிஞ்சுகளையே மறுபடியும் பயன்படுத்தியதால் இதே ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்தார்கள். ஆகவே ஊசியைக் கண்டு பயப்படுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பயத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே நீங்கள் வைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

எச்.ஐ.வி. விஷயத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. சம்பவம் நடந்து மூன்று மாதம் கடந்தபின் எடுத்த பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்றால், லேப் ஊசியைப் பொறுத்தவரை அதுவே முடிவு. அந்த ஊசிக்காக ஐந்தாவது முறை போகாதீர்கள். அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் நீங்கள் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். அடுத்த முறை லேபில், 'என் முன்னால் பிரியுங்கள்' என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பயன்படுத்திய ஊசி எளிதில் துளைக்க முடியாத வெள்ளை நிற, உள்ளே தெரியும் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதி, அதையும் கவனியுங்கள். ஆனால் உங்கள் பயத்துக்காகப் பெற்றோரை லேபிலிருந்து நிறுத்தி வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் விரல்நுனி ரத்தத்தை வைத்து உங்கள் குளுக்கோமீட்டர் சொல்லாது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது என்பது மகனுக்கு வசதியான அளவோடு நின்றுவிடும் வேலை இல்லை.

இன்றே அந்த லான்செட்டை, மூடி இறுகும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். ஆளுக்கொரு பேனா, ஒவ்வொரு முறையும் புது லான்செட். ஒன்றின் விலை சில ரூபாய்தான், ஸ்ட்ரிப்புக்கு அதைவிடப் பல மடங்கு செலவழிக்கிறீர்களே. மீட்டரும் ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. பிறகு நீங்கள் நால்வரும் மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லி ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி இல்லை என்று தெரிந்தால் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் மூன்று தவணை.

மாடி வீட்டுப் பாட்டியிடம் யாரையும் தூது அனுப்பாதீர்கள். உங்களை நம்பி விரலை நீட்டியவர் அவர். நீங்களே படியேறிப் போய், செய்தது இன்னதென்று மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அவருடைய பரிசோதனைச் செலவையும் ஏற்றுக்கொண்டு, கூடவே அழைத்துப் போங்கள். அன்று ரத்தம் எடுக்கும்போது ஊசி பிரிக்கப்படுகிறதா என்று அவருக்காகவும் பாருங்கள்.