ஆன்லைன் செஸ்: ஆடுவதும் பகிர்வதும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோற்ற ஆட்டத்தின் லிங்க்கைக் குழுவில் போட்டு ‘எங்கே தவறு?’ என்று கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. மிஞ்சிப்போனால் ‘இன்ஜினில் (நகர்வுகளை மதிப்பிடும் செஸ் மென்பொருள்) போட்டுப் பார்’ என்கிறார்கள். எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்?

பதில்: நாற்பது நகர்வு ஆட்டம் என்றால் இரு பக்கமும் சேர்த்து எண்பது நிலைகள். அதில் எதைக் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் முழுவதையும் ஓட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? எந்த இடத்தில் குழம்பினீர்கள், அப்போது என்ன நினைத்துக் காயை நகர்த்தினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எந்த இன்ஜினாலும் அதைச் சொல்ல முடியாது. அதை எழுதுங்கள். பதில் வரும்.

ஒரு சின்ன ஆட்டத்தை வைத்தே பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகால் பெயரில் வழங்கும் கண்ணி இது. பிஷப்பை மந்திரி என்றே குறிக்கிறோம். இ4 போன்றவை கட்டங்களின் பெயர், × என்றால் வெட்டு.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. மந்திரி சி4 மந்திரி ஜி4 4. குதிரை சி3 ஜி6 5. குதிரை×இ5 மந்திரி×டி1 6. மந்திரி×எஃப்7 செக், ராஜா இ7 7. குதிரை டி5, மேட்.

கறுப்பில் ஆடியவர் இதைப் பகிர்ந்து, ‘ராணி சும்மா கிடைத்தது, எடுத்தேன், மேட் ஆகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால், 5ஆவது நகர்வில் ராணியை எடுத்தது பிளண்டர் (பெருந்தவறு) என்று எல்லாரும் சொல்வார்கள். இன்ஜினும் அங்கேதான் இரட்டைக் கேள்விக்குறி போடும். ஆனால் அவரே இப்படி எழுதியிருந்தால்? ‘4ஆவது நகர்வில் ஜி6 ஆடினேன். மந்திரியை ஜி7-க்குக் கொண்டுவரும் எண்ணம். எஃப்3 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறது, அது நகராது என்று நம்பினேன்.’ இப்போது பேச விஷயம் கிடைத்துவிட்டது. அது வெறும் கட்டுதான், பின்னால் நிற்பது ராஜா இல்லை, ராணி. இழக்கத் துணிந்தால் குதிரை நகரலாம் என்று ஒருவர் சொல்வார். ஜி6-க்குப் பதில் குதிரையை சி6-ல் வைத்திருந்தால், வெள்ளை இ5-ல் வெட்டியதும் அந்தக் குதிரையே திருப்பி வெட்டி, ஜி4 மந்திரிக்கும் காவலாக நின்றிருக்கும், வெள்ளைக்கு ஒரு காய் நஷ்டம் என்று இன்னொருவர் காட்டுவார். ஜி6 ஆடிய பிறகும்கூட, ராணியைத் தொடாமல் டி6 சிப்பாயால் இ5 குதிரையை வெட்டியிருந்தால், வெள்ளை ராணி ஜி4 மந்திரியை எடுக்கும், ஒரு சிப்பாய் நஷ்டத்தோடு போயிருக்கும். ஆக, ஆட்டம் முடிந்தது 5ஆவது நகர்வில் என்றாலும் தவறான நம்பிக்கை 4ஆவது நகர்விலேயே வந்துவிட்டது. திருத்திக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

எனவே பகிரும்போது இவை போதும்: நீங்கள் எந்த நிறம், நேர வகை என்ன, சந்தேகம் உள்ள நகர்வு எண்கள் (மூன்றுக்கு மேல் வேண்டாம்), ஒவ்வொன்றிலும் உங்கள் எண்ணம், யோசித்துவிட்டுக் கைவிட்ட மாற்று நகர்வு.

கேள்வி: லிங்க், பிஜிஎன் (ஆட்டத்தின் நகர்வுகளை எழுத்தாகப் பதியும் முறை), ஜிஃப், படம்... இவற்றில் எதை அனுப்புவது?

பதில்: பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தது. காயை நகர்த்திப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமானால் லிங்க் அல்லது பிஜிஎன். ரசித்துவிட்டுப் போகட்டும் என்றால் ஜிஃப். அதில் நிறுத்திப் பார்க்க முடியாது, ஆகவே ஆலோசனை கேட்க உதவாது. ஒரே ஒரு நிலையைப் பற்றிய கேள்வி என்றால் எஃப்இஎன் என்ற ஒற்றை வரி போதும். காய்கள் நிற்கும் இடம், யார் ஆட வேண்டும், யாருக்குக் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமை மிச்சம் எல்லாம் அந்த வரியில் அடங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் இவை கிடையாது. ‘யார் ஆட வேண்டும்?’ என்பதே முதல் பதிலாக வந்து நிற்கும்.

லிச்செஸ் என்ற செஸ் தளத்தின் லிங்க்கில், தளத்தின் பெயருக்குப் பின் 8 எழுத்துகள் இருந்தால் அது பார்வையாளர் லிங்க். 12 இருந்தால் ஆடியவருக்கான லிங்க். கடைசி நான்கை அழித்துவிட்டு அனுப்புங்கள். லிங்க்கின் இறுதியில் # போட்டு ஓர் எண்ணைச் சேர்த்தால் நேராக அந்த நிலையிலேயே திறக்கும். இது அரை நகர்வுக் கணக்கு: கறுப்பின் 16ஆவது நகர்வுக்குப் பிந்தைய நிலை வேண்டுமா, 32 என்று போடுங்கள், வெள்ளையின் 16ஆவது என்றால் 31. பலகையைக் கறுப்புப் பக்கமிருந்து காட்ட, # குறிக்கு முன்னால் சாய்கோடு போட்டு ‘பிளாக்’ என்று ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும்.

பல ஆட்டங்களைத் தொகுத்து வைக்க லிச்செஸின் ‘ஸ்டடி’ பகுதி அருமையான வசதி. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை போடலாம், நகர்வுக்கு நகர்வு குறிப்பு எழுதலாம், அம்புக்குறி வரையலாம். கட்டணம் இல்லை.

கேள்வி: காகிதத்தில் எழுதி வைத்த ஆட்டத்தை ஃபோனில் பிஜிஎன்னாகத் தட்டச்சு செய்தேன். எந்தத் தளமும் ஏற்கவில்லை. ஏற்றாலும் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த முறை பிஜிஎன். மனிதரும் படிக்கலாம், கணினியும் படிக்கலாம் என்பதே அதன் நோக்கம். ஆனால் கணினி எழுத்துக்கு எழுத்து கறாராக இருக்கும், ஃபோன் கீபோர்டோ தன் இஷ்டத்துக்குத் திருத்தும். சிக்கல் அங்கேதான்.

முதல் எதிரி தானியங்கிப் பெரிய எழுத்து. சிறிய ‘பி’ என்றால் பலகையின் இரண்டாம் நெடுவரிசைச் சிப்பாய். பெரிய ‘பி’ என்றால் மந்திரி. சி3-ல் வெட்டியது சிப்பாயா மந்திரியா என்பதே அந்த ஓர் எழுத்தில் மாறிவிடும். கட்டத்தின் பெயர் எப்போதும் சிறிய எழுத்து, காயின் பெயர் எப்போதும் பெரிய எழுத்து. சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது. குதிரைக்கு ‘என்’தான், ‘கே’ இல்லை. ‘கே’ ராஜாவுக்குப் போய்விட்டது.

அடுத்தது கேஸ்லிங். பிஜிஎன்னில் அது பூஜ்யம் அல்ல, ‘ஓ’ என்ற பெரிய எழுத்து. சில தளங்கள் பூஜ்யத்தையும் பொறுத்துக்கொள்ளும், சில மறுத்துவிடும். ‘ஓ’க்களின் நடுவிலும் 1-0 போன்ற ஆட்ட முடிவிலும் வருவது சாதாரணக் குறுங்கோடு. ஃபோன் அதை நீள்கோடாக மாற்றியிருந்தால் திருத்துங்கள். தலைப்பு வரிகளில் வளைந்த மேற்கோள் குறி விழுந்தாலும் படிக்காது. தலைப்பு வரிகளுக்கும் முதல் நகர்வுக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். தேதி வேண்டுமானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நடுவில் புள்ளியோடு.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. இரண்டு குதிரைகளும் டி2-க்குப் போகக்கூடிய நிலையில் எது போனது என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள். புறப்பட்ட நெடுவரிசையின் எழுத்தையும் நடுவில் சேர்க்க வேண்டும். அல்லது அவசரத்தில் ஒரு நகர்வை எழுதாமல் தாண்டியிருப்பீர்கள். இங்கே கவனம்: 23ஆவது நகர்வில் பிழை என்று தளம் சொன்னால், உண்மையான தவறு 18-லோ 20-லோ இருக்கலாம். தவறான காய் நகர்ந்தும் அது விதிப்படி சரியாக இருந்தால் கணினி பேசாமல் தொடரும். பிறகு ஓர் இடத்தில் முட்டும்போதுதான் தெரியும். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று தோன்றினால், தட்டச்சே வேண்டாம். தளத்தின் அனாலிசிஸ் பலகையைத் திறந்து, காகிதத்தைப் பார்த்துக் காய்களைக் கையால் நகர்த்துங்கள். முடிந்ததும் பிஜிஎன்னைக் காப்பி செய்துகொள்ளலாம். பிழை எங்கே என்பதும் பலகையிலேயே கண்ணில் படும்.

கேள்வி: 92 சதவீத துல்லியம் என்று காட்டுகிறது, ஆனால் தோற்றுவிட்டேன். போன வாரம் 78 வந்த ஆட்டத்தில் ஜெயித்தேன். இந்த எண்ணை நம்பலாமா?

பதில்: அந்த ஆட்டத்துக்குள் மட்டும் நம்பலாம். அமைதியான நிலையில் எதை ஆடினாலும் பெரிய நஷ்டம் வராது, துல்லியம் தானாக ஏறும். நாலாபக்கமும் அடிதடி நடக்கும் ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரருக்கே இறங்கும். முப்பது நல்ல நகர்வுகளுக்கு நடுவே ராணியை ஒருமுறை விட்டாலும் 92 வரலாம், ஆட்டம் போயிருக்கும். ஓர் ஆட்டத்தின் எண்ணை இன்னோர் ஆட்டத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்ஜின் காட்டும் +3 என்றால் சுமார் மூன்று சிப்பாய் அளவு வெள்ளைக்குச் சாதகம். அதுவும் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் போல ஆடினால். மனிதரால் கண்டுபிடிக்க முடியாத ஒரே ஒரு நகர்வை நம்பி +3 நிற்கிறது என்றால், அது உங்களுக்குச் சாதகம் என்று சொல்லவே கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு 15 நிமிடம் நீங்களே குறிப்பு எழுதுங்கள். பிறகு இன்ஜினைப் போட்டு, குறிப்பும் எண்ணும் முரண்படும் இடங்களை மட்டும் பாருங்கள். ஃபோனில் ஓடும்போது முதல் இரண்டு நொடியில் காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நகர்வு முதலிடத்தில் நிலைக்கும்வரை விடுங்கள்.

கேள்வி: 3 நிமிட ஆட்டங்கள் தினமும் இருபது ஆடுகிறேன், முன்னேற்றமே இல்லை.

பதில்: 180 நொடியை நாற்பது நகர்வுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு நாலரை நொடி. அதில் பழக்கம்தான் ஆடும், யோசனை ஆடாது. ஆய்வு செய்ய வேண்டிய ஆட்டத்துக்கு 15+10 (15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுதல்) எடுங்கள். நாற்பது நகர்வுக்கு 900 நொடியும் கூடுதலாக 400 நொடியும் சேர்ந்து, ஒருவருக்கு 21 நிமிடம் 40 நொடி. இருவருக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் 10+5 ஆடலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் செலவான நேரத்தைத் தளமே பதிந்து வைக்கிறது. பிஜிஎன் எடுக்கும்போது கடிகாரக் குறிப்பையும் சேர்த்து எடுங்கள். ஆட்டத்தைத் தீர்மானித்த நகர்வுக்கு மூன்று நொடியும், ஓப்பனிங்கில் தெரிந்த நகர்வுக்கு ஒரு நிமிடமும் கொடுத்திருந்தால், முன்னேற்றம் தடைபடும் இடம் அதுதான்.

கேள்வி: எதிராளிக்கு நேரம் முடிந்தது. என்னிடம் ராஜாவும் குதிரையும், அவரிடம் ராஜாவும் சிப்பாயும். டிரா என்றார்கள். இதே நிலையில் வேறு தளத்தில் எனக்கு வெற்றி கிடைத்ததே?

பதில்: இரண்டும் சரி, விதி வேறு. எதிராளியே ஒத்துழைத்தாலும் மேட் வரவே முடியாது என்றால்தான் டிரா என்பது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. லிச்செஸ் அதன்படி நடக்கிறது. உங்கள் நிலையில் மேட் வரலாம்: அவர் ராஜா ஏ1 மூலையில், சிப்பாய் ஏ2-ல், உங்கள் ராஜா சி2-ல், குதிரை பி3-ல் வந்து செக் வைத்தால் மேட். ஆகவே வெற்றி. செஸ்.காமில் தனிக் குதிரையோ தனி மந்திரியோ மட்டும் இருந்தால் மேட் போடப் போதாத பலம் என்று டிரா ஆக்கிவிடுவார்கள். மும்முறை ஒரே நிலை வருவதிலும் இதே போன்ற வித்தியாசம் உண்டு: செஸ்.காமில் தானாக டிரா. லிச்செஸில் நீங்கள் கோர வேண்டும், அல்லது தானாகக் கோரும்படி செட்டிங்கில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு நகர்வுக்கு ஒரு நாள் என்ற ஆட்டம் நடக்கிறது. நிலையைக் குழுவில் காட்டி யோசனை கேட்கலாமா?

பதில்: கூடாது. இந்த நீண்ட வகை ஆட்டங்களில் ஓப்பனிங் புத்தகத்தையும் பழைய ஆட்டங்களின் தொகுப்பையும் புரட்டலாம். இன்ஜினும் இன்னொருவர் ஆலோசனையும் விதிமீறல். முடிந்த பிறகு பகிருங்கள். குழுவில் யாராவது நடக்கும் ஆட்டத்தைப் போட்டால் பதில் சொல்லாமல் இருப்பது அவருக்கும் நல்லது.

கேள்வி: எதிராளி இன்ஜின் வைத்து ஆடினார் என்று உறுதியாகத் தோன்றுகிறது. பெயரோடு பகிர்ந்து எச்சரிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓர் ஆட்டத்தில் 97 சதவீதம் வருவது ஆதாரம் ஆகாது. நீங்கள் சீக்கிரமே ஒரு காயை விட்டிருந்தால் எதிராளிக்கு எளிய நகர்வுகளே மிஞ்சியிருக்கும். அவர் பக்கத்தில் உள்ள புகார் பட்டனை அழுத்தி, ஆட்டத்தின் லிங்க்கையும், எளிய நகர்வுக்கும் கடின நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்தது போன்ற காரணத்தையும் எழுதுங்கள். உறுதியானால் அந்தக் கணக்கின் மீது நடவடிக்கை எடுப்பார்கள், இழந்த ரேட்டிங் புள்ளிகளும் உங்களுக்குத் திரும்ப வரலாம்.

கேள்வி: ஆட்டத்தைப் பகிர ஆசை, ஆனால் எதிராளியின் பெயர் வெளியே தெரிய வேண்டாம்.

பதில்: நல்ல எண்ணம், குறிப்பாக எதிரில் ஆடியது சிறுவர் என்று தெரிந்தால் கட்டாயம் செய்ய வேண்டியது. லிங்க்கை அனுப்பாதீர்கள். பிஜிஎன்னைக் காப்பி செய்து, தலைப்பு வரிகளில் வெள்ளை, கறுப்பு என்ற இரண்டிலும் உள்ள பெயர்களை அழித்து ஒற்றைக் கேள்விக்குறி போடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். லிச்செஸ் பிஜிஎன்னில் ‘சைட்’ வரியிலும் செஸ்.காம் பிஜிஎன்னில் ‘லிங்க்’ வரியிலும் ஆட்டத்தின் முழு முகவரி இருக்கும். அதைத் தட்டினால் பெயர் வந்துவிடும். அந்த வரியையும் நீக்கிவிட்டு, மிச்சத்தைப் புதிய ஸ்டடியில் ஒட்டி, ‘பட்டியலில் வராதது’ என்ற நிலையில் வைத்து அந்த ஸ்டடியின் லிங்க்கை அனுப்புங்கள்.