கருப்பைக் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தால் போதுமா, பாப் பரிசோதனை இனித் தேவையில்லையா?

போனில் கருப்பைக் கழுத்தைப் படமெடுத்தே புற்றுநோய் அறிகுறியைக் கண்டுபிடிக்கலாமாம், அப்படியென்றால் கழுத்துப் பகுதிக் கலங்களை வழித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பாப் பரிசோதனையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவேண்டாம். மட்டக்களப்பில் பெண்நோயியல் கிளினிக்கில் தாதியாக நின்றவள் நான். படம் நல்ல துணை, ஆனால் முதல் பரிசோதனையாக அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கருப்பைக் கழுத்தில் 3 முதல் 5 சதவீத அசற்றிக் அமிலம் தடவுவோம். வினாகிரி மணம் அறை முழுக்க நிற்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் மாறுபட்ட கலங்கள் உள்ள இடம் வெளுக்கும், அதைத்தான் படமெடுப்பது. 1981ஆம் ஆண்டு அடொல்ஃப் ஸ்டாஃப்ல் இதற்கென்றே ஒரு கமரா முறையை அறிமுகப்படுத்தினார். இப்போது அந்த இடத்துக்குப் போன் வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சாதாரண அழற்சியும் வெளுக்கும். ஈரத்தில் பட்ட வெளிச்சமும் வெள்ளையாகத் தெரியும். ஒருநாள் போன் திரையில் பளிச்சென்று ஒரு பொட்டு. லைட்டைச் சற்றுச் சரித்தேன், பொட்டும் கூடவே நகர்ந்தது. நோய் அப்படி நகராது. எடுத்து அனுப்பிய படத்தைத் தூரத்தில் இருந்து பார்ப்பவர் லைட்டைச் சரித்துப் பார்க்க முடியாதே! அதோடு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த நோய் தொடங்கும் எல்லை பெரும்பாலும் உள்ளே போய்விடும். எந்தக் கமராவுக்கும் அது எட்டாது.

2019இல் வந்த ஆய்வைத்தான் பலரும் காட்டுகிறார்கள். கொஸ்டாரிக்காவில் 9,000க்கு மேற்பட்ட பெண்களிடம் எடுத்த பழைய படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். முழுத் திறமை 1, குருட்டாம்போக்கு 0.5 என்று வைத்தால், கணினி 0.91, அதே படங்களைப் பார்த்த நிபுணர்கள் 0.69. நல்ல எண்தான். ஆனால் எல்லாப் படமும் ஒரே வகைக் கமராவில் எடுத்தவை. வேறு கருவியில் எடுத்த படங்களில் அந்தத் திறமை அப்படியே நிற்கவில்லை. இன்னொன்று, எந்த ஆய்வானாலும், படத்தில் வெளுப்புத் தெரியாத பெண்களுக்கும் வேறு பரிசோதனை செய்து பார்த்தார்களா என்று தேடுங்கள். வெளுத்தவர்களை மட்டும் சோதித்திருந்தால், தவறவிட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அதற்காகக் கண்ணால் பார்ப்பது வீண் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் வெறும் அசற்றிக் அமிலமும் பழகிய தாதியரின் கண்ணும் கொண்டே இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். பிந்திய உலக சுகாதார நிறுவன வழிகாட்டலோ இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசைத் தேடும் டி.என்.ஏ. பரிசோதனையை முதலில் வைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண்ணே எடுத்தும் கொடுக்கலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒருநாள் கூலியை விட்டு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

படம் உண்மையில் உதவியதை ஒரு தடவை கண்டேன். மண்டூரில் இருந்து வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஏறி வந்த ஓர் அம்மா, வருத்தம் ஒன்றும் இல்லையே என்று சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்தா. படத்தைக் காட்டினோம். கனநேரம் பார்த்தா. "மகள், இந்த வெள்ளையா?" என்றா. அப்புறம், "இதை ஆருக்கும் காட்டமாட்டீங்கதானே?" பெயர் போடவில்லை, சொந்தப் போனிலும் வைக்கமாட்டோம் என்று சொன்னேன். அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா.

இலங்கையில் இருக்கும் உங்களுக்கு 35 ஆகிவிட்டதென்றால், உங்கள் பகுதி மிஸியிடம், அதாவது குடும்பநல மருத்துவமாதுவிடம், இந்தப் பரிசோதனை செய்யும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். 45 வயதிலும் ஒருதரம் போகவேண்டும்.