மேரிமூர் நாய்ப் பூங்காவுக்கு இரண்டு நாய்களோடு போவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம். தேவகோட்டையிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெட்மண்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், ஊரிலிருந்து கொண்டுபோன சிப்பிப்பாறை ஆண் நாயையும் அங்கே காப்பகத்தில் எடுத்த சின்னப் பெண் நாயையும் மேரிமூர் பூங்காவில் வாரைக் கழற்றி ஓடவிடும் இடத்துக்கு அழைத்துப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்னோருக்குப் படையலிடும் குடும்பப் படைப்புக்காக நான் இப்போது பள்ளத்தூரில் இருப்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. போகலாம். ஆனால் இந்த ஞாயிறே வேண்டாம், இரண்டையும் சேர்த்தும் வேண்டாம்.

முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர்வீட்டுப் படியில் மூன்று தெருநாய்கள் படுத்திருக்கின்றன. சற்று முன்பு அடுத்த தெருவிலிருந்து நான்காவது ஒன்று வந்தது. படுத்திருந்தவற்றில் மூத்தது எழுந்து நிற்கக்கூட இல்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. வந்த நாய் வாலை இறக்கிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போய்விட்டது. அவற்றுக்குள் யார் எந்தப் படிக்கு உரியவர் என்ற கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. நம் ஊர்களில் அவிழ்ந்து திரியும் நாய்களைப் பார்த்து வளர்ந்த நாம், நாய்கள் தமக்குள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். மேரிமூரில் அந்தக் கணக்கு ஒரு நாளும் தீர்வதில்லை, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஞாயிறும் வருவது புதுக் கூட்டம். உங்கள் நாய்க்கு முன்பின் தெரியாத இருபது நாய்கள் ஒரே நேரத்தில் முகர்ந்து பார்க்க வரும்.

மொத்தம் 640 ஏக்கர் பூங்காவில் நாய்களுக்கென்று விடப்பட்ட பகுதி மட்டும் 40 ஏக்கர். சம்மாமிஷ் ஆற்றை ஒட்டிய புல்வெளி, நாய்கள் இறங்கி நீந்த ஆங்காங்கே துறைகள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்தான் நினைவுக்கு வந்தது. கட்டுமாட்டை அவிழ்த்துவிட்டால் பிறகு அது மாட்டின் பாடு, பிடிப்பவன் பாடு என்பது போல, கயிற்றைக் கழற்றிவிட்டு நாம் காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் தவறு. அங்குள்ள விதியின் சாரமே, வார் இல்லாதபோதும் நாய் உங்கள் குரலுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான். கழற்றிய வார் உங்கள் கையில் இருக்க வேண்டும், நாய் உங்கள் கண்ணில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும்.

கூப்பிட்டால் வருவதில் சிப்பிப்பாறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். மேரிமூர்ப் புதர்களில் முயல்கள் உண்டு. ஒரு முயல் குறுக்கே ஓடினால், வீட்டுக்குள் விரல் சொடுக்குக்கே ஓடிவரும் நாய்க்கு உங்கள் குரல் காதில் விழாது. ஆகவே முதலில் ஆளில்லாத மைதானத்தில் முப்பது அடிக் கயிற்றைக் கட்டி, தொலைவில் போகவிட்டுக் கூப்பிட்டு, வந்தவுடன் கோழிக்கறித் துண்டு ஒன்றைக் கொடுத்து, உடனே மறுபடியும் விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிட்டதும் வாரைப் பூட்டி வீட்டுக்கு இழுத்துப் போனால், கூப்பிடுவது என்றாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் கற்றுக்கொள்ளும். நான் ஆறு மாதம் அந்தப் பாடத்தைத்தான் என் லாப்ரடாருக்கு என்னை அறியாமலே நடத்திக்கொண்டிருந்தேன். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது வரும் நிலை வந்த பிறகு, பெல்வியூவில் உள்ள ராபின்ஸ்வுட் பூங்காவின் வேலியிட்ட சிறிய அடைப்பில் பழக்கிவிட்டு, அதன் பின் மேரிமூருக்குப் போங்கள்.

இரண்டையும் சேர்த்து வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. தனியே போனால் தயங்கும் நாய், கூட்டாளியோடு போனால் துணிந்துவிடும். உங்கள் பெண் நாயை இன்னொரு நாய் அழுத்தி முகர்ந்தால், சிப்பிப்பாறை பஞ்சாயத்துக்குப் போகும். நீங்கள் ஒருவர், நாய்கள் இரண்டு, எதைப் பிடிப்பீர்கள்? முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்துப் போங்கள், அல்லது ஆளுக்கு ஒன்றாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள்.

உரசல் அதிகம் நேர்வது நுழைவாயிலில்தான். உள்ளே இருக்கும் நாய்கள் புதிதாக வருவதைப் பார்க்கக் கதவருகே மொய்க்கும். அந்த நேரத்தில் உங்கள் நாயை மட்டும் வாரோடு இழுத்துப் பிடித்தபடி நின்றால், மற்றவை அவிழ்ந்திருக்கத் தான் மட்டும் கட்டுண்டிருப்பது தெரிந்து அது மிரளும். மிரண்ட நாய்தான் முதலில் கடிக்கும். கூட்டம் கலையும்வரை வெளியே பொறுத்திருந்து, உள்ளே நுழைந்தவுடன் வாரைக் கழற்றி, நிற்காமல் நடக்கத் தொடங்குங்கள். ஓரிடத்தில் கூடி நின்று பேசுகிறவர்களைச் சுற்றித்தான் நாய்கள் சண்டை போடும். நம்மவர்கள் நான்கு பேர் சந்தித்தால் நடந்துகொண்டே பேசுவது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

தின்பண்டம் எதுவும் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. ஒருமுறை ஊரிலிருந்து வந்த கைமுறுக்கு இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்தபடி மறந்து போய்விட்டேன். நெய் வாசனைக்கு ஐந்தாறு நாய்கள் என் இடுப்பைச் சுற்றி எம்பின. பையைக் காலி செய்துவிடலாம் என்று முறுக்கை எடுத்தேன், அது உடைந்து புல்லில் சிதறியது, அடுத்த நொடி இரண்டு நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று. என் நாயின் காது நுனி கிழிந்தது. காது நுனியிலிருந்து அவ்வளவு ரத்தம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்; அது தலையை உதற உதற என் சட்டை முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. சண்டை மூண்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள், கடி உங்களுக்குத்தான் விழும். தண்ணீரை முகத்தில் ஊற்றுவது பல நேரம் பலிக்கும். உங்கள் நாய் மேலே ஏறி விளையாடுவதைப் பார்த்து ஒருவர் "கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றால் அது வசவு அல்ல. அங்கே அது சாதாரணப் பேச்சு. உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அசட்டை செய்யாதீர்கள். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஆற்றின் வழியே ஏறி வரும். முட்டையிட்டபின் செத்துக் கரையொதுங்கும். சமைக்காத சால்மனில் உள்ள ஒரு வகைத் தட்டைப்புழுவுக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது. கரடி அந்த மீனைத் தின்று நலமாக இருக்கும், நாய்க்கோ அது உயிரைப் பறிக்கும் நோய். ஓர் அக்டோபரில் என் நாய் துறையருகே எதையோ விழுங்கியதைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல், வாந்தி, சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருத்துவர் முதலில் கேட்டதே "ஆற்றுக்குப் போனீர்களா?" என்றுதான். மலத்தில் புழுவின் முட்டையைப் பார்த்தபின் ஆன்டிபயாட்டிக்கும் புழு மருந்தும் கொடுத்தார், பிழைத்துக்கொண்டது. சிகிச்சை தாமதமானால் பெரும்பாலும் பிழைக்காது. எனவே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆற்றுப் பக்கம் போகாதீர்கள், போனால் வாரோடு போங்கள்.

வெறிநாய்க் கடி பற்றி உங்கள் மனைவி அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் அது நியாயமான அச்சம். அமெரிக்காவில் நாயிடமிருந்து நாய்க்குப் பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக 2007இல் அறிவித்தார்கள்; வாஷிங்டன் மாநிலத்தில் அந்தக் கிருமியைச் சுமப்பது வௌவால்தான். ஆனாலும் தடுப்பூசி கட்டாயம். அதோடு எலிக்காய்ச்சலுக்கும், நாய்களிடையே பரவும் இருமலுக்கும் நாய்களுக்கு ஊசி போட்டுவிடுங்கள்; எலிக்காய்ச்சலைப் பரப்பும் தேங்கிய நீர் பூங்காவில் அதிகம். அமெரிக்காவுக்குள் நாயைக் கொண்டுவர 2024 ஆகஸ்டு 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படிதான் சிப்பிப்பாறையைக் கொண்டுவந்திருப்பீர்கள், ஆகவே அதன் உடலில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் என்னும் சிறு சில்லு இருக்கும். அந்த எண் இன்னும் தேவகோட்டை முகவரியிலும் இந்திய கைப்பேசி எண்ணிலும் பதிவாகியிருந்தால், முயலின் பின்னால் ஓடிக் காணாமல் போகும் நாளில் அதனால் ஒரு பயனும் இல்லை. ரெட்மண்ட் அடங்கிய மாவட்டமான கிங் கவுண்டியில் நாய்க்கு வாங்க வேண்டிய ஆண்டு உரிமத்தையும் வாங்கிவிடுங்கள்.

நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், "இதுவரை யாரையும் கடித்ததில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. மாநிலச் சட்டப்படி முதல் கடிக்கே உரிமையாளர் பொறுப்பு. உங்கள் வாடகை வீட்டுக் காப்பீட்டில் நாய்க் கடி அடங்குமா என்று படித்துப் பாருங்கள். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாயையும், நான்கு மாதம் நிரம்பாத குட்டியையும் அழைத்துப் போகக் கூடாது. கழிவை அள்ளப் பை கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது அவர்களைப் பூங்காவுக்குள் கூட்டிப்போக வேண்டாம். முப்பது கிலோ நாய் அன்பாகப் பாய்ந்தாலும் எழுபது வயதுக்காரர் விழத்தான் செய்வார்.

நான் அடுத்த மாத முதல் வாரத்தில் திரும்பிவிடுவேன். கயிறு கட்டிப் பழக்குவதை இன்றே தொடங்கினால், நான் வருவதற்குள் ஓரளவு கைவந்திருக்கும். ஒரு ஞாயிறு காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்பு, சேர்ந்தே போவோம். சிப்பிப்பாறையை மட்டும் அழைத்து வாருங்கள். மழை பெய்திருந்தால் சேறு முழங்கால்வரை ஏறும், ஆகவே பழைய துண்டு இரண்டும், அதன் மெல்லிய தோலுக்கு ஒரு சட்டையும் வண்டியில் இருக்கட்டும்.