வாசகர் கேள்வி–பதில்: பிரான்சின் குட்டி ரேஸ் கார்கள்

கே: 1920-களில் பாரிஸைச் சுற்றி இத்தனை சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் முளைத்தது எப்படி? சீக்கிரமே மறைந்தது ஏன்?

ப: முளைக்க வைத்தது வரிச்சலுகை. எடை 350 கிலோவுக்குள், இன்ஜின் 1100 சி.சி.க்குள், இருக்கை இரண்டுக்கு மிகாமல் இருந்தால் அது 'சைக்கிள்கார்', ஆண்டுக்கு 100 பிராங்க் வரி போதும் என்றது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். கூர்பெவுவாவில் செனெஷல், கொலோம்பில் ராலி, லெவலுவா-பெரேயில் பி.என்.சி. என்று வரிசையாகக் கிளம்பின. பல கம்பெனிகள் ரூபி, ஸ்காப் போன்றவர்களிடம் இன்ஜினை விலைக்கு வாங்கி, சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) கட்டி விற்றன. பலவீனமும் அங்கேதான். வெளியில் வாங்கும் இன்ஜினுக்கு விலை குறைக்க வழி கிடையாது. சிட்ரோயன் 1922-இல் 5 சி.வி. என்ற மலிவான சிறிய காரைத் தொடர் உற்பத்தியில் இறக்கியதும் இவர்களுக்கு வேகப்பிரியர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். 1929-க்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் அவர்களும் குறைந்துபோனார்கள்.

கே: 1927-இல் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் உயிரிழந்தது புகாட்டி காரிலா?

ப: இல்லை, அமில்கார். ஓட்டுநரை அவர் 'புகாட்டி' என்று செல்லமாக அழைத்ததால் வந்த குழப்பம்.

கே: தொடக்ககால அமில்கார் 'சி.சி.' மாடலில் டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லையாமே? ஓட்டும்போது என்ன ஆகும்?

ப: உண்மைதான். எடையும் செலவும் மிச்சம். ஆனால் வளைவில் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே போகும். டயர் சீக்கிரம் தேயும், ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கு வாங்கும். இறுக்கமான திருப்பத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கே: சால்ம்சன் காரின் பழைய இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரே ஒரு புஷ்ராடுதான் (வால்வை இயக்கும் தண்டு). இரண்டு வால்வும் எப்படித் திறக்கும்?

ப: சால்ம்சன் வடிவமைப்பாளர் எமில் பெத்தியின் அருமையான யோசனை அது. கேமின் (சுழன்று ராடை இயக்கும் உறுப்பு) மேடு ராடை மேலே தள்ளும்போது ராக்கர் (சீசா போல் ஆடும் நெம்புகோல்) சாய்ந்து, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும். கேமில் ஒரு பள்ளமும் உண்டு. ஸ்பிரிங் ராடை அதற்குள் இறக்கும்போது அதே ராக்கர் மறுபக்கம் சாய்ந்து, எரிபொருள் கலவை உள்ளே வரும் இன்லெட் வால்வு திறக்கும். ஒரே ராடு ஒரே நேரத்தில் ஏறவும் இறங்கவும் முடியாது என்பதால் வால்வு ஓவர்லாப் (இரண்டு வால்வும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருப்பது) சாத்தியமே இல்லை, அதிக ஆர்.பி.எம்.மில் இன்ஜின் மூச்சு வாங்கும். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் இன்லெட் முழுதாகத் திறக்காது, இழுவை போய்விடும். கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் ஸ்பிரிங்கைச் சோதியுங்கள். வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) வைக்கும்போது கேமின் மேட்டிலும் இல்லாமல் பள்ளத்திலும் இல்லாமல் ராடு நடுநிலையில் இருக்கட்டும். ஒரு பக்கம் திருகினால் மறுபக்கத்தையும் மீண்டும் அளந்துவிடுங்கள்.