பழைய மண்ணெண்ணெய் விளக்கு சேகரிப்பவர்களின் அனுபவ அறிவை எப்படிக் காப்பாற்றுவது?

விளக்கைப் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அழகான முழுப் படம் பத்து இருந்தாலும், பர்னரின் (திரியைப் பிடித்து எரியவிடும் பகுதி) அடியையும் திரி ஏற்றும் குமிழையும் நெருங்கி எடுத்த ஒரு படத்துக்கு ஈடாகாது, ஏனென்றால் அலாதீன் போன்ற பிராண்டு விளக்குகளில் மாடல் எண்ணே அந்தக் குமிழில்தான் பொறித்திருக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுங்கள்.

அளவுகளைக் கட்டாயம் எழுதுங்கள். அமெரிக்கத் தட்டைத் திரி பர்னர்களில் 2ஆம் எண் என்றால் திரி 1 அங்குல அகலம், மேலே மாட்டும் கண்ணாடிச் சிம்னியின் அடிப்பக்க விட்டம் 3 அங்குலம். இது தெரியாமல் பொருந்தாத சிம்னி வாங்கி ஏமாறாதவர் குறைவு, நானும் சேர்த்தி.

அப்புறம், அதிகம் தப்பாகப் பரவுவது ஆண்டு விவரம்தான். பர்னரில் 1873 என்று காப்புரிமைத் தேதி இருந்தால், அதற்கு முன் அது செய்யப்பட்டிருக்காது என்று மட்டும்தான் சொல்லலாம். அதே அச்சை வைத்துப் பல வருடம் தயாரித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, பர்னரை யாரோ பிற்பாடு மாற்றியும் இருக்கலாம். அதனால் குறிப்பில் "பொறிப்பில் பார்த்தது", "மூத்தவர் சொன்னது", "என் ஊகம்" என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

மூத்த சேகரிப்பாளர் ஒருவர் பர்னரைக் கழற்றி மாட்டும்போது, பேசவிட்டு அப்படியே வீடியோ எடுத்துவிடுங்கள். கை செய்வதை அவரால் எழுதித் தர முடியாது. உடைந்த விளக்கையும் தூக்கிப் போடாதீர்கள், உள்ளமைப்பைக் காட்ட அதுதான் உதவும்.